காற்று வரும் கரை

2017 ஏப்ரல் 21 அன்று வைகை அணையில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. பரிசலில் போனவர்கள், டேப் போட்டு ஒட்டிய தெர்மாகோல் அட்டைகளை நீரின்மேல் பரப்பினார்கள். மிச்சத் தண்ணீரைக் கோடை வெயில் குடித்துவிடாமல் மூடிவைப்பது திட்டம். செலவு 10 லட்சம் ரூபாய் என்று செய்திகள் சொல்லின. அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு தொடங்கிவைத்தார். கரையில் அதிகாரிகள் நின்றார்கள், கேமராக்களும் நின்றன. காற்று கிளம்பியது. அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்து, எல்லோரும் நின்றிருந்த கரைக்கே வந்து ஒதுங்கின.

இரவுக்குள் அந்தக் காட்சி தமிழ் பேசுகிறவர்களின் கைபேசிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. வடிவேலு முகம் வைத்த படங்கள் வந்தன. கடலுக்கும் மூடி போடலாமே என்றார்கள், சூரியனுக்குத் திரை கட்டலாமே என்றார்கள். நானும் சிரித்தேன். நாலு குழுக்களுக்கு அனுப்பிவைத்தேன். அந்த அமைச்சரின் பெயரோடு அட்டையின் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் சிரித்த அந்த வாரம் சாதாரண வாரமாக இருக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லிமீட்டர் மழை கிடைக்க வேண்டும். 2016-இல் கிடைத்தது 168 மில்லிமீட்டர். 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மார்ச்சிலிருந்து அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை முன்னால் வைத்துக்கொண்டு 41 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அணையில் அட்டை மிதந்து இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 23 அன்று, அந்தப் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டார்கள். மண்டையோடும் தெர்மாகோலும் ஒரே வாரத்துச் செய்திகள். எதை நாம் அதிகம் பேருக்கு அனுப்பினோம் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

*

என் சித்தப்பா மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். வைகையின் பேரணையில் கிளம்பும் பெரியாறு பிரதானக் கால்வாய்த் தண்ணீர் கள்ளந்திரி வரை இருபோகத்துக்குப் பாயும். அதைத் தாண்டிய மேலூருக்கு ஒருபோகம்தான், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். காலையில் பேப்பரை எடுத்ததும் அணை எத்தனை அடி என்று தேடுவது கடைமடைக்காரர்களின் கைப்பழக்கம். சித்தப்பாவுக்கும் அது இருந்தது.

அந்த வீடியோவை என் கைபேசியில்தான் பார்த்தார். வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அது சரிப்பா. பறக்காம நின்னுருந்தா தண்ணி மிஞ்சியிருக்குமா, மிஞ்சியிருக்காதா?"

நான் அறிவியல் பட்டதாரி. அந்த வீடியோவைப் பற்றி அன்றைக்கு முழுக்கப் பேசியிருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

"வெயில்ல எம்புட்டுப் போகுது, வாய்க்கால்ல கசிஞ்சு எம்புட்டுப் போகுது, யாராச்சும் கணக்கு வெச்சிருக்காகளா?" என்று அடுத்ததையும் கேட்டார். "இருக்கும் சித்தப்பா" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்றிரவு தேட உட்கார்ந்தேன். பதில் பள்ளிப் பாடத்திலேயே தொடங்குகிறது. நீர்ப்பரப்பில் இருக்கும் ஒரு மூலக்கூறு கூட்டத்திலிருந்து விடுபட்டுப் போவதற்கு ஆற்றல் வேண்டும். அதை வெயில் கொடுக்கிறது. விடுபட்ட ஈரம் அங்கேயே தேங்கி நின்றால், போன மூலக்கூறுகளில் பல திரும்பவும் நீரில் விழும். காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் உலர்ந்த காற்றைக் கொண்டுவந்து விடுகிறது, அதனால் இழப்பு ஓயாமல் நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஆகும் ஆற்றலைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் அதே தண்ணீர் ஆவியாவதற்குத் தேவை. அவ்வளவையும் சூரியன் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

கணக்கும் எளியதுதான். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினால், போனது 50 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரி 500 நடை அடித்தால் எவ்வளவோ அவ்வளவு. கோடையில் நம் ஊர் வெயிலுக்கு 5 மில்லிமீட்டர் பெரிய அளவே இல்லை. அந்த இழப்புக்காகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு யாரும் போராட முடியாது, கண்ணுக்குத் தெரியாது, எந்த மடையிலும் அதை நிறுத்த முடியாது. வெயிலையும் காற்றையும் நீரிலிருந்து பிரிக்கிற எந்த மூடியும் அதைக் குறைக்கும். சித்தப்பாவின் கேள்விக்குப் பதில், மிஞ்சியிருக்கும் என்பதுதான்.

மூடி சரி. மூடிய பொருளும் மூடிய விதமும் தவறு. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள தெர்மாகோல் அட்டை 200 கிராம்கூடத் தேறாது. அதில் பெரும்பங்கு அடைபட்ட காற்று. அதனால் அது நீருக்குள் அமிழ்வதே இல்லை, முழு உடம்பையும் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கிறது, காற்று பிடித்துத் தள்ள வசதியாக. அதற்குக் கனமும் இல்லை, நங்கூரமும் இல்லை, சட்டமும் இல்லை. அட்டைகள் மூடிய இடம் அணையின் பரப்பில் ஒரு மூலைகூட இல்லை. உடைந்தால் மணிமணியாக உதிர்ந்து மீனுக்கும் வாய்க்காலுக்கும் போகும். ஒரு பொறியாளர் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இவ்வளவையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

*

தேடிக்கொண்டே போனதில் இன்னொரு கரைக்கு வந்து சேர்ந்தேன்.

1757-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். கூட வரும் கப்பல்களில் இரண்டின் பின்னால் மட்டும் கடல் வழவழவென்று அமைதியாக இருப்பதைக் கவனிக்கிறார். கப்பல் தலைவனிடம் காரணம் கேட்கிறார். சமையல்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்று பதில் வருகிறது, இதுகூடத் தெரியாதவனா என்ற இளக்காரத்தோடு. ஃபிராங்க்ளின் அந்த இளக்காரத்தை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்.

பிறகு லண்டனுக்கு அருகே கிளாபம் என்ற இடத்தில் ஒரு பெரிய குளம். காற்றில் அலையடிக்கிறது. ஃபிராங்க்ளின் கொஞ்சம் எண்ணெய் விடுகிறார். எண்ணெய் பரவுகிறது, ஆனால் அலை அடங்கவில்லை. அலை பெரிதாக இருந்த கரை என்பதால் காற்று போய் மோதும் கரையில் நின்று விட்டிருக்கிறார். காற்று எண்ணெயை அவர் நின்ற கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வைகை அணைக் கரை கண்முன் வந்தது. அதே காட்சி. நீரின்மேல் ஒரு போர்வை, ஒரு காற்று, நின்றவர் காலடிக்கே திரும்பி வந்த தோல்வி.

ஃபிராங்க்ளின் குளத்தைச் சுற்றி நடந்தார். காற்று வரும் கரைக்குப் போய் அங்கிருந்து விட்டார். ஒரு தேக்கரண்டி எண்ணெய் மெல்ல மெல்லப் பரவி அரை ஏக்கர் அளவுக்கு நீரைக் கண்ணாடிபோல ஆக்கியது. அதன் பிறகு போகிற ஊருக்கெல்லாம் மூங்கில் கைத்தடியின் மேல் கணுவில் எண்ணெய் அடைத்துக்கொண்டு போனார். 1774-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதையெல்லாம் எழுதினார். எண்ணெய் திரும்பி வந்ததையும் மறைக்காமல் எழுதினார்.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே நீர்ப்பரப்பை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் பொக்கெல்ஸ். அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டுவேலையும் பெற்றோரைக் கவனிப்பதும் அவள் பொறுப்பு. சமையலறைத் தண்ணீரில் மிதக்கும் பிசுக்கு நீரின் பரப்பு இழுவிசையை எப்படி மாற்றுகிறது என்று, ஒரு தொட்டியையும் நகர்த்தக்கூடிய தகட்டுத் துண்டையும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அளந்தாள். 1891-இல் இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்கு அதை ஒரு கடிதமாக எழுதினாள். அவர் சிரித்து மடித்துவைத்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவர் அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி அச்சில் வரச் செய்தார். அந்தத் தொட்டியின் அமைப்பை எடுத்து மேம்படுத்திய அமெரிக்கரான இர்விங் லாங்மியூர், இப்படிப் பரவும் படலம் ஒரே ஒரு மூலக்கூறு கனம் கொண்டது என்று 1917-இல் காட்டினார். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஒற்றை மூலக்கூறுப் படலம்தான் பிறகு அணைகளுக்கு வந்தது. 1950-களில் ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் மேன்ஸ்ஃபீல்ட் என்பவர், சீட்டைல் ஆல்கஹால் என்னும் மெழுகுபோன்ற பொருளை நீரில் தூவி ஆவியாதலைக் குறைக்க முயன்றார். காற்று அடங்கிய நேரத்தில் பலன் தந்தது. காற்று வலுத்தால் படலம் கிழிந்து கரைக்கு ஒதுங்கியது. திரும்பத் திரும்பத் தூவ வேண்டியிருந்தது. அங்கும் எதிராளி காற்றுதான்.

2015 ஆகஸ்டில் கலிஃபோர்னியா கடும் வறட்சியில் இருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நீர்த்தேக்கத்தின்மேல் 9 கோடியே 60 லட்சம் கருப்புப் பந்துகளைக் கொட்டி முடித்தது. ஒவ்வொன்றும் நான்கு அங்குல விட்டம். மொத்தச் செலவு மூன்றரைக் கோடி டாலரை ஒட்டி. குடிநீரில் வெயில் பட்டு நச்சுச் சேர்மம் உண்டாவதைத் தடுப்பது அதன் முதல் நோக்கம், ஆவியாதலைக் குறைப்பது கூடுதல் பயன். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் தண்ணீர் அடைத்திருந்தார்கள். உலகமே அதை வியந்து பார்த்தது. ஆனால் 2018-இல் நேச்சர் சஸ்டைனபிலிட்டி இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு ஒரு கணக்கைப் போட்டது. வறட்சி முடிந்த 2017 மார்ச் வரை அந்தப் பந்துகள் மிச்சப்படுத்திய நீர் சுமார் 170 கோடி லிட்டர். அவற்றைச் செய்வதற்கான எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றின் வழியாகச் செலவான நீர் 290 கோடி லிட்டர் வரை இருக்கலாம்.

நாம் நகைத்த கேள்வி இவ்வளவு நீளமானது. நீர்மேல் விரிக்கும் போர்வையோடும் அதைத் தள்ளும் காற்றோடும் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவாளிகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பணக்கார நகரம் ஒன்று கோடிக்கணக்கில் கொட்டியும் முழுப் பதில் கிடைத்தபாடில்லை. சில நல்ல பாதைகளும் தெரிந்திருக்கின்றன. 2012-இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் நர்மதை வாய்க்கால் ஒன்றின்மேல் சூரியத் தகடுகளைக் கூரையாகப் போட்டார்கள். 2022-இல் தூத்துக்குடியில் ஓர் உரத் தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தின்மேல் மிதக்கும் சூரிய மின் நிலையம் தொடங்கியது. மூடியே மின்சாரம் தரும்போது மூடியின் விலை தாங்கும். வைகைக்கு இது பொருந்துமா, மீன்பிடிப்பவர்களுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் 2017-லேயே ஊர் கூடிப் பேசியிருக்கலாம். யாரும் குளத்தைச் சுற்றி நடக்கவில்லை. அரசு வெட்கத்தோடு கரையேறியது. நாங்கள் சிரித்துக்கொண்டு கரையேறினோம்.

*

சிரித்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பொதுப்பணம் யோசனையில்லாமல் செலவாகும்போது சாதாரண மனிதனிடம் இருக்கிற முதல் தணிக்கை சிரிப்புதான். அதிகாரம் சிரிப்புக்கு அஞ்ச வேண்டும். அறிவியலைச் சிரிப்போடு சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதும் இல்லை. நல்லதம்பி படத்தில், 1949-இல், விஞ்ஞானம் வந்தால் வீட்டுவேலை எப்படி மாறும் என்பதை என்.எஸ். கிருஷ்ணன் பாடி நடித்தார். கொட்டகையில் சிரித்தவர்கள் இயந்திரத்தைப் பற்றி ஒரு நினைப்போடு வீட்டுக்குப் போனார்கள். கேலி அவர்களுக்கு எதையோ கொடுத்தனுப்பியது.

எங்கள் கைபேசிச் சிரிப்பு எங்களுக்கு என்ன கொடுத்தது? ஒரு மனிதரின் பெயருக்கு ஓர் அடைமொழியைக் கொடுத்தது. அட்டை ஏன் பறந்தது என்று தெரிந்தவர்கள் சிரித்தவர்களில் எத்தனை பேர்? எனக்கே தெரிந்திருக்கவில்லை. அறிவுள்ளவர்கள் பக்கம் நிற்கிறோம் என்ற நிறைவு, அறிந்துகொள்ள வேண்டிய வேலையை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. கேலி செய்து முடித்ததும் அந்த விஷயம் தீர்ந்துபோன மாதிரி ஒரு நிம்மதி வருகிறது. வைகையில் ஆவியாதல் மட்டும் தீரவில்லை. நாங்கள் படம் அனுப்பிக்கொண்டிருந்த அந்த மத்தியானமும் அணை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஏதோ ஒரு மாவட்டத்தில் ஓர் இளம் பொறியாளர், சிறிய ஊருணி ஒன்றில் மூடியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கக்கூடும். கோப்பை மேலே அனுப்பும் முன் அந்த அட்டைகள் அவர் நினைவுக்கு வந்திருக்கும். சிறிய அளவில் செய்து, தோற்று, திருத்தி, மறுபடி செய்வதுதான் அறிவியலின் அன்றாடம். தோற்றவனை ஆயுளுக்கும் அடைமொழியோடு அலையவிடுகிற ஊரில் யார் சிறிய அளவில் தோற்கத் துணிவார்கள்?

*

அணையிலிருந்து பார்த்தால் மேற்கே போடி மலை. அங்கே தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம். அந்த மலைக்குள், நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய ஓர் ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப் பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கிச் செய்த உணர்கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தேனி மாவட்டத்தில் அணைக் காட்சிக்கு முன்பும் பின்பும் ஊரெங்கும் இதுவே பேச்சு. இங்கே சிரிப்பின் திசை வேறு. வைகையில் மக்கள் அமைச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். பொட்டிப்புரத்தில் படித்தவர்கள் மக்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பக்கத்தில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நியூட்ரினோ வந்தால் கதிர்வீச்சு வரும், மலை காய்ந்துபோகும் என்று ஒரு செய்தியைக் குடும்பக் குழுவில் அனுப்பினார். நான் உடனே பதில் எழுதினேன். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு 6,500 கோடி என்ற கணக்கில் துளைத்துப் போய்க்கொண்டே இருக்கின்றன, அத்தை சமைக்கும்போதும் தூங்கும்போதும், 1965-லேயே கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த நாடு இது, கோலார் காய்ந்துவிட்டதா? கடைசியில் வாட்ஸ்ஆப் பல்கலைக்கழகம் என்று ஒரு குத்தலும் சேர்த்தேன். மாமா பிள்ளைகள் எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அத்தை அதற்குப் பிறகு அந்தக் குழுவில் காலை வணக்கம்கூட அனுப்பவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை.

"நீ எழுதுனது சரியாத்தான் இருக்கும் தம்பி. படிச்ச பிள்ளை. எங்களுக்கு அந்தப் பேரு வாயிலயே நுழையல. மலையில வெடி வெச்சாக்க எங்க ஊத்து என்னாகும், பாறையைப் பேத்து எங்க கொட்டுவாக, நாளைக்கு மாடு மேய்க்க விடுவாகளா, இம்புட்டுத்தான்யா எங்களுக்குத் தெரியணும். அதை யாருகிட்டப் போயி கேட்க?"

நான் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. அத்தையின் கேள்விக்கு அவற்றில் ஒன்றும் பதிலாக இல்லை. துகளைப் பற்றிய பயம் தவறானதுதான். ஆனால் மலையைப் பற்றிய கேள்வி நியாயமானது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். மாநில எல்லை இன்னும் அருகில். 2017 மார்ச்சில், அணையில் அட்டை மிதப்பதற்கு ஒரு மாதம் முன்பு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் திட்டத்துக்கு முன்பு தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அத்தை கேட்டதையேதான் சட்டத்தின் மொழியில் அவர்களும் கேட்டார்கள். 2018-இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மறுபடி அனுமதி தந்தது. அதன்பின் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

நியாயமான கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களின் கையில், பரவியிருந்த தவறான தகவல் ஒரு கைப்பிடியாக இருந்தது. நாங்கள் கைப்பிடி உடைந்ததைக் காட்டிச் சிரித்தோம், பாத்திரத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. மறுபக்கமும் இதே கதைதான். வாழ்நாளை அந்தத் துகளுக்குக் கொடுத்த விஞ்ஞானிகளை விலைபோனவர்கள் என்றும் ஊரை அழிக்க வந்தவர்கள் என்றும் எழுதினார்கள். பதில் சொல்லப் போனவர்கள் நொந்து ஒதுங்கினார்கள். இரண்டு பக்கமும் தங்கள் கூட்டத்துக்கு முன்னால் வென்றன. ஊற்று என்னாகும் என்ற கேள்வி யார் மடியிலும் விழாமல் நடுவில் கிடந்தது.

*

கேலியையும் வாதத்தையும் விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம் கிடையாது. தண்ணீரும் மலையும் காற்றும் எல்லோருக்கும் உரியவை, அவற்றைப் பற்றிச் சந்தையிலும் டீக்கடையிலும் கைபேசியிலும் சத்தமாகப் பேசத்தான் வேண்டும். நான் எனக்கென்று ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்றைப் பார்த்துச் சிரித்தால், அது ஏன் நடந்தது என்று தெரியும்வரை அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. தெரிந்த பிறகு அந்தக் காரணத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். ஒருவர் சொன்னது தவறு என்று பட்டால், திருத்துவதற்கு முன் அவருக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று கேட்கிறேன். இந்த இரண்டாவதற்கு நேரம் பிடிக்கிறது. பல சமயம் வாதமே நடப்பதில்லை, பேச்சு நடக்கிறது.

இதைக் கற்றுக்கொடுத்தவர் சித்தப்பா. அந்த ஆண்டு மே மாதம் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். தேடிப் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஃபிராங்க்ளின் மறுகரைக்கு நடந்ததைச் சொன்னபோது தலையை ஆட்டினார். "காத்தைப் பாக்காம வெதைக்கவே மாட்டோமே" என்றார்.

மறுநாள் காலை மாடியில் இரண்டு மண்சட்டிகள் தண்ணீரோடு இருந்தன. இரண்டிலும் உள்பக்கம் கரிக்கோடு. ஒரு சட்டியில், யாரோ வாங்கிய டிவிப் பெட்டியிலிருந்து வந்த தெர்மாகோல் துண்டை வெட்டி மிதக்கவிட்டிருந்தார். பத்து மணிக்குக் காற்று வந்தது, துண்டு எழும்பித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் விழுந்தது. சித்தப்பா எடுத்து வந்து மறுபடி போட்டு, மேலே ஒரு கூழாங்கல்லை வைத்தார். நின்றது. லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் பந்துக்குள் தண்ணீர் அடைத்ததும் இதற்காகத்தான் என்றேன். "பெறகு? கனமில்லாம எது நிக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஏறிப்போய்ச் சட்டிகளில் கரிக்கோடு கிழித்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திறந்த சட்டியில் கோடுகள் படிக்கட்டுபோல அகல அகலமாக இறங்கியிருந்தன. மூடிய சட்டியில் கோடுகள் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தன. விரலை இரண்டு சட்டிக்குள்ளும் விட்டு அளந்து பார்த்தார். சிரிக்கவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி மிஞ்சுதுப்பா, நெசந்தான்" என்றார். "ஆனா அணை பூராத்துக்கும் அட்டையும் கல்லும் வேணுமே. அதைச் செய்யவும் தண்ணியும் நெருப்பும் ஆகும்ல? போட்டதுக்கும் மிஞ்சுனதுக்கும் கணக்குச் சரியா வருமா?"

2018-இல் வந்த அந்த ஆய்வுக்கு அப்போது இன்னும் ஓர் ஆண்டு இருந்தது.

"மேல மூடுறதுக்குப் பதிலா அடியில வெட்டுனா என்ன? அகலமா வெட்டையாக் கெடக்குற தண்ணியத்தான் வெயில் குடிக்கும். ஆழத்துல கெடக்குற தண்ணியை எப்படிக் குடிக்கும்?"

அதுவும் சரியான இயற்பியல். ஆவியாதல் மேற்பரப்பில் நடப்பது. அதே தண்ணீரை ஆழமாக வைத்தால் பரப்பு குறையும், இழப்பும் குறையும். வண்டல் மேடிட்டுத் தட்டையாகிப்போன கண்மாய் வெயிலுக்கு வைத்த தாம்பாளம். அந்த ஆண்டு குடிமராமத்துப் பணிகள் மறுபடி தொடங்கியிருந்தன, கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்திருந்தது. சித்தப்பா டிராக்டர் வைத்திருந்தவரிடம் பேசி, எங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து தன் வயலுக்கு வண்டல் அடித்தார். அவர் எடுத்தது கொஞ்சம்தான். எடுத்த இடத்தில் அடுத்த மழைக்கு ஓர் ஆள் ஆழம் தண்ணீர் நின்றது.

சித்தப்பா இப்போது இல்லை. மாடியில் அந்த இரண்டு சட்டிகளும் கவிழ்த்துக் கிடக்கின்றன. போன தடவை போனபோது ஒன்றை நிமிர்த்திப் பார்த்தேன். மழையில் பாதி அழிந்தது போக, உள்ளே மூன்று கோடுகள் மிஞ்சியிருந்தன.